மூன்று சென்டிமீட்டர் இறக்கிய கார்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். கட்டுரை எழுதுகிற ஆளா நான்? பிறகு யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒருவர் அரை மணி நேரத்தில் காரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற புது ஸ்பிரிங்குகளை மாட்டி, காரைத் தரையோடு ஒட்ட இறக்கி, பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். கடைசி போல்ட்டுகளை இறுக்கும்போது நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அன்று மாலையே நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஏழுமலை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் சஸ்பென்ஷன் வேலை பார்த்தேன். ரிடையராகி இரண்டு வருடம் ஆகிறது. சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே இருக்கிற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், அவற்றைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள், ரப்பர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன். பள்ளத்தில் விழுகிற அடி உங்கள் இடுப்புக்கு வராமல் நடுவிலேயே வாங்கிக்கொள்கிற சாமான்கள். இந்த வட்டாரத்தில் அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்ல நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

நான் சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லாருக்கும் கடல்தான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு அலையைத் தாண்டியதும் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி வரும். மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? "இவன கூட்டிகினு போறதுக்கு ரெண்டு ஐஸ் பெட்டிய ஏத்திகினு போலாம்" என்று சித்தப்பா ஊரைக் கூட்டிச் சொன்னார். பதினெட்டு வயதில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். நட்டு கழுவியது, டயர் உருட்டியது, திட்டு வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஃபோர்மேன் மஜீத் பாய். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. வேலையில் கோளாறு தெரிந்தால் பக்கத்தில் வந்து நின்று, "நாஸ்தா ஆச்சா?" என்று காலை டிபனை விசாரிப்பார். காலை பத்து மணிக்குக் கேட்டால் பயமில்லை. மதியம் மூன்றரைக்குக் கேட்டார் என்றால் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம். எங்கே என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும். திட்டு வாங்கியிருந்தால்கூட அதோடு போயிருக்கும். அந்த நாஸ்தா கேள்வி இரண்டு நாள் சோற்றை இறங்க விடாது.

ஷாப்பில் அவர் வைத்த ஒரு பழக்கம் உண்டு. சஸ்பென்ஷன் வேலை முடிந்தால் வேறொருவர் காரை ஓட்டுவார். வேலை செய்தவன் பின்சீட்டில் உட்கார்ந்து திருக்கழுக்குன்றம் வரை போய் வர வேண்டும். ஓட்டுகிறவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவான், அடியெல்லாம் பின்னால் இருக்கிறவனுக்குத்தான் என்பது அவர் கணக்கு. முதல் தடவை என்னை அப்படி அனுப்பினார்கள். பாதி வழியிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ரோட்டோரம் நின்று, "பாய், பின்னாடி லெஃப்ட் ஷாக்கு வீக்கா கீது" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். வலது பக்கம் ஒரு ஆட்டத்தோடு நிற்கிறது, இடது பக்கம் மூன்று ஆட்டம் ஆடுகிறது, அந்த மூன்றாவதில்தான் குமட்டுகிறது என்றேன். திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால், புதுசாகப் போட்ட ஷாக்கே பழுது. பாய் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடலில் என்னைக் கேவலப்படுத்திய அதே வயிறு ரோட்டில் எனக்குச் சோறு போட்டது. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து படித்த பெரியவர்கள் எல்லாம் காரைக் கொண்டுவந்து, "ஏழுமலை உக்காந்து பாக்கட்டும்" என்று கேட்கிற காலம் வந்தது. அந்தப் பெருமையை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

காரை இறக்குகிற மோகம் ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. ஆபீஸ்கள் வந்த பிறகுதான் எங்களிடம் வந்தது. நாவலூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். தினமும் ஆபீஸ் போகிற கார். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்க வேண்டுமாம். முடிந்த மட்டும் இறக்கச் சொன்னார். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு இறக்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. "அண்ணா, அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல எறங்கிட்டேன். இப்ப ஏற முடியல. நடுவுல வயிறு தட்டுது." இரண்டு நாள் கார் பாதாளத்திலேயே கிடந்தது. பிறகு நானே போய் உயரத்தை ஏற்றி வெளியே எடுத்துக் கொடுத்தேன். அதற்கு வசதியாக இருந்தது அந்த ஸ்பிரிங்கின் அமைப்புதான். அடியில் மரை போட்ட ஒரு குழாய், அதன்மேல் ஒரு வளையம். வளையத்தை ஒரு பக்கம் சுற்றினால் கார் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். இது ஸ்டைலுக்கு மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். செல்வி வந்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

செல்வியும் அவர் வீட்டுக்காரர் முருகவேலும் புதுப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். முருகவேல் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். செல்விக்கு நாவலூரில் ஆபீஸ். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பைக் விபத்தில் அந்தப் பெண்ணுக்கு முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலிதான். ஆனால் கார் ஓட்டுவார். கியர் இல்லாத உயரமான சின்னக் கார். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். எல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி வண்டிப் புத்தகத்தில் ஏற்றியது.

ஓட்டத் தெரிந்தவருக்கு ஏறத்தான் முடியவில்லை. நாற்காலியின் இருக்கையைவிடக் காரின் சீட் ஐந்து சென்டிமீட்டர் உயரம். நடுவில் ஒரு வழவழப்பான பலகையை வைத்து, கையை ஊன்றி நகர்ந்து போக வேண்டும். இறங்கும்போது சரிவு, வந்துவிடுவார். ஏறும்போது மேடு. அக்குளில் கை கொடுத்து யாராவது தூக்க வேண்டும். வீட்டில் முருகவேல் தூக்கி வைத்து, கூடவே நாவலூர் வரை போய், பஸ் பிடித்துத் திரும்பி, அரை நாள் லீவோடு வேலைக்கு ஓடுவார். சாயங்காலம் ஆபீஸ் செக்யூரிட்டிகள் தூக்கி வைப்பார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம் முடிந்து, எல்லாரும் ஆபீஸ் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இவருக்கு லீவு தீரப் போவுதுண்ணா. இந்த மாசம் முடியிற வரைக்கும்தான் ரெண்டு பேரும் சேந்து போவ முடியும்" என்றார் செல்வி. "செக்யூரிட்டி அண்ணனுங்க நல்லவங்கதான். கொற சொல்ல மாட்டேன். ஆனா தெனமும் யாராச்சும் என்னைத் தூக்கிகினே இருக்கணும்னா நான் வேலைய வுட்டுடுறேன்."

முருகவேல் தலைகுனிந்தார். அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது. "கவலைய வுடும்மா. அஞ்சு சென்டிமீட்டர்தானே? நான் எறக்கித் தர்றேன்" என்றேன். செல்வி சீட்டின் கதவுப் பக்கம் கரை மாதிரி எழும்பியிருந்த ஓரத்தைத் தட்டிக் காட்டி, "சீட்டகூட ஏறிடுவேன் போல, இந்த மேடுதான்ணா படுத்துது" என்றார். "அதெல்லாம் ஸ்பிரிங்குலயே வந்துடும்" என்று சொல்லி அவர் பேச்சை நான் முடித்துவைத்தேன். காதில் வாங்கவே இல்லை.

உயரத்தை மாற்றுவதற்கும் முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வந்தார்கள். மாட்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மஜீத் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. நான்கு ஸ்பிரிங்கும் மாறின. புது ஷாக்குகள் ஏறின. வளையங்களைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் இறக்கினேன். கார் லிஃப்ட்டின்மேல் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டேன். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆமாம், அந்த வீடியோவில் வருவது போலவேதான். எத்தனை பேரை இதற்காக நான் கிழித்திருக்கிறேன்! பாய் வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முருகவேல் ஒரு விரல் கொடுக்க, செல்வி ஏறிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பின்சீட்டில் உட்காரும் பழக்கத்தைக்கூட, "ரெண்டு பேரும் அவசரமா போவணுமாம் பாய்" என்று நானே தள்ளிவிட்டேன்.

பதினோராம் நாள் முருகவேல் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. வர வர கார் இன்னும் இறங்கிக்கொண்டே போகிறது, தெருவில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கரில் வயிறு உரசுகிறது என்றார். அதுகூடப் பரவாயில்லை. முந்தின நாள் திருவிடந்தை தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் கார் ஏறி இறங்கிய வேகத்தில் தானாகச் சீறிப் பாய்ந்திருக்கிறது. முருகவேல் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் முன்னால் போன ஆட்டோவில் மோதியிருக்கும்.

"சாவிய என் கையில குடுத்துட்டாண்ணா. இனிமே ஓட்ட மாட்டேன்றா. ஆபீசுக்கு லெட்டர் எழுதிகினு இருக்கா" என்றார்.

அப்போது மாலை நாலு மணி. மஜீத் பாய் பக்கத்தில் வந்து நின்றார். "ஏழுமல, நாஸ்தா ஆச்சா?"

காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கிற ரப்பர்கள், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிழிந்திருந்தன. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு கார் தரையில் உட்காரும்போது அது முறுக்கேறும். முறுக்கேறிய ரப்பர் காரைச் சற்று மேலே தாங்கிக்கொண்டு நிற்கும். நாம் அதைச் சரியான உயரம் என்று நம்பி அளந்து கொடுத்துவிடுவோம். பத்து நாளில் ரப்பர் கிழியும், கார் அமுங்கும். தப்பு முழுக்க என்னுடையது. வேறு யாரையும் கை காட்ட வழியே இல்லை. பாயிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "அது சரி. வண்டி ஏன் பாஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். நான் மறுபடி காருக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.

"வா, போலாம். பின்னாடி வாணாம். முன்னாடி உக்காரு. ரெண்டு காலையும் சீட்டு மேல மடிச்சிக்கோ" என்றார்.

அவர் ஓட்ட, நான் பக்கத்துச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடது கையை நீட்டி, டேஷ்போர்டைத் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்கச் சொன்னார். திருக்கழுக்குன்றம் ரோட்டில் முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, முட்டுத் தாங்க வைத்திருக்கும் கடைசி ரப்பரில் போய் இடித்தது. கால் ஊன்ற வழி இல்லாததால் என் உடம்பு முன்னால் சாய்ந்து, கை டேஷ்போர்டில் குத்தியது. அடுத்த நொடியே பின்னால் விழுந்தேன். கை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். கார் தானாகப் பாயவில்லை. நான் இறக்கிய இறக்கம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இத்தனை வருடம் என் வயிற்றை நம்பினேன், என் காலை நான் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் எனக்குத் தெரியாமல் கால் ஊன்றி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

அன்று மாலையே நானும் பாயும் புதுப்பட்டினம் போனோம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செல்வி வாசலுக்கு வந்தார். "தப்பு என்னுதும்மா. உன் ஓட்டத்துல ஒரு கொறையும் இல்ல" என்றேன். காரணத்தை விவரமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே லேப்டாப்பை மூடினார். பிறகு, "அப்ப அந்த லெட்டர அனுப்பட்டுமா வாணாமா?" என்றார்.

"எட்டு நாள் குடு."

"மாசம் முடிய ஒம்போது நாள்தான்ணா கீது."

அந்த எட்டு நாள் நான் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வீடியோ போடுகிறவர்களும் படிக்கட்டும்.

ரப்பர்களைப் புதுசாக மாற்றினேன். எந்த போல்ட்டையும் முழுக்க இறுக்கவில்லை, கையால் பிடித்து மட்டும் வைத்தேன். செல்வியின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. பக்கத்து அரிசி மண்டியிலிருந்து ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை வாங்கி வந்து டிரைவர் சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட் போட்டேன். பக்கத்துச் சீட்டில் நாற்காலியின் எடைக்கு ஒரு பழைய பேட்டரி. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கிற ராம்ப்பில் காரை ஏற்றி, பானெட்டையும் டிக்கியையும் பலமாக அமுக்கி அமுக்கி விட்டு, கார் தன் இயல்புக்கு உட்கார்ந்த பிறகு, ராம்ப்பின் அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி, அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை, டயரில் காற்று குறைந்தால் அந்த அளவு பொய் சொல்லும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இந்தத் தடவை இறக்கியது மூன்று சென்டிமீட்டர் மட்டும். ஸ்பிரிங்குக்கு ஆட இடம் வேண்டுமே. பிறகு மூன்று நாள் ஓட்டி, மறுபடி அளந்து, அரைச் சுற்று, கால் சுற்று என்று வளையத்தைத் திருத்தி, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட் குறியையும் சரி செய்தேன். தினமும் வேறொருவர் ஓட்ட, கால்களை மடித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய் வந்தேன். சிக்னலில் நிற்கிறவர்கள் இது என்ன வேண்டுதல் என்பது போலப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு மேட்டிலும் என் விரல் டேஷ்போர்டைத் தொடவில்லை.

மீதி இரண்டு சென்டிமீட்டருக்கு எங்கே போவது? செல்வி முதல் நாளே சொல்லியிருந்த இடத்துக்குத்தான் போனேன். சீட்டைக் கழற்றிச் செங்கல்பட்டு பஜாரில் சீட் தைப்பவரிடம் கொண்டுபோய், கதவுப் பக்கத்து மேட்டை இரண்டு சென்டிமீட்டர் சீவி, மேலே வழுக்குகிற ரெக்சின் போட்டுத் தைத்து வாங்கினேன். பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டேன், அந்த எட்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை.

ஒன்பதாம் நாள் காலை இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். முதலில் முருகவேல் கை கொடுத்து ஏற்ற, பக்கத்துச் சீட்டில் நான் உட்கார, செல்வி ஷாப்பைச் சுற்றி நாலு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். எங்கள் வாசலில் இருக்கிற மேட்டில் வேண்டுமென்றே மூன்று தடவை ஏற்றி இறக்கினார். கைப்பிடி அசையவில்லை. மறுபடி நாற்காலிக்கு இறங்கினார்.

"இப்ப யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

பலகையை வைத்தார். ஒரு கை சீட்டில், ஒரு கை நாற்காலியில். முதல் தடவை பாதி போய் வழுக்கித் திரும்பி வந்தார். என்னை அறியாமல் கை முன்னால் போனது. மஜீத் பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். செல்வி மூச்சு வாங்கிக்கொண்டார், முடியை அள்ளிக் கட்டினார், மறுபடி ஊன்றினார். இந்தத் தடவை சீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். சட்டத்தைத் தன் மேலாகத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தி பெல்ட் போட்டார்.

முப்பத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் என் கையில் வந்து போயிருக்கின்றன. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் பட்ட பெருமையை வேறு எதற்கும் பட்டதில்லை.

முருகவேல் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். அங்கே நாற்காலி உட்கார்ந்திருந்தது. செல்வி உள்ளிருந்தே, "மாமா, எடமில்ல. நீ பஸ்ல வந்துடு" என்றார். அவர் கதவைச் சாத்தியதும் கார் வாசல் மேட்டில் ஏறி இறங்கி, இண்டிகேட்டர் போட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

முருகவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கல்பாக்கம் பஸ்ஸு எங்கண்ணா நிக்கும்?" என்று கேட்டார். நானும் கூடப் போய் எதிரே இருந்த ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு நிமிஷத்தில் பஸ் வந்தது. நிறைய சீட் காலியாக இருந்தது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் அடித்தார். முருகவேல் ஏறவில்லை.

"அடுத்த பஸ்ஸுல போறேண்ணா" என்றார். "மொதல்ல அவ தனியா வூட்டுக்குப் போய்ச் சேரட்டும்."